ஜனவரி முப்பது, மரக்கறி

சுவிஸ் நாட்டு லுசேர்ணின் பழைய நகரில், ஆற்றுப் பக்கமாக இறங்கும் ஒரு சந்தில் அயர்லாந்து மதுச்சாலை ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் நிற்கும் கரும்பலகையில் நான் பல வருடங்களாக வரலாறு எழுதி வருகிறேன். வரலாறு படித்தவன் அல்ல. சமையற்காரன். உருளைக்கிழங்கு உரிப்பதற்கும் இறைச்சி அவிப்பதற்கும் நடுவே வெளியே போய் சோக்கட்டியால் இரண்டு வரி எழுதிவிட்டு வருவதும் என் வேலைகளில் ஒன்று. ஏன் நான் என்று கேட்டால், அந்தக் கடையில் பார்த்தால் விளங்கும் கையெழுத்து எனக்கு மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் நாலு கோட்டுக் கொப்பியில் ஆங்கில எழுத்து எழுதி எழுதி அடி வாங்கியதற்கு வாழ்க்கையில் கிடைத்த பலன் இவ்வளவுதான்.

வழக்கம் சுலபமானது. இன்றைய திகதியில், முன்னொரு காலம், அயர்லாந்திலோ பிரித்தானியாவிலோ நடந்த ஒன்றை எழுதவேண்டும். கைத்தொலைபேசியில் ஒரு இணையப் பக்கம் இருக்கிறது. திகதியைத் தட்டினால் கொட்டும். கொட்டுவதில் முக்கால்வாசி அடிபாடு. அங்கே கிளர்ச்சி, இங்கே தூக்கு, நடுவில் ஒரு ராஜாவுக்கு முடிசூட்டு. அதற்குள் கையை விட்டு ஒரு நல்ல சங்கதியைப் பொறுக்கி எடுக்கவேண்டும். கடையின் முதலாளி அம்மா, அயர்லாந்துக்காரி, ஆரம்பத்திலேயே சட்டம் போட்டுவிட்டார்.

"வாசிச்சுப்போட்டு ஐரிஷ்காரனும் உள்ளை வரோணும், இங்கிலிஷ்காரனும் உள்ளை வரோணும். ரெண்டு பேரும் குடிக்கோணும். அதுக்கேத்த மாதிரி எழுதும்."

அவர் கதைத்தது ஆங்கிலமும் சுவிஸ் ஜெர்மனும் கலந்த ஒரு சாம்பாறு. அதை அப்படியே எழுதினால் எனக்கே விளங்காது. அதனால் இங்கே எல்லோரையும் எங்கள் தமிழில் கதைக்க விடுகிறேன்.

ஆக, பெல்ஃபாஸ்டில் கட்டிய அந்தப் பெரிய கப்பலைத் தண்ணீரில் இறக்கிய நாளை எழுதலாம். அது மூழ்கிய நாளை எழுதக்கூடாது. லண்டனில் நிலத்துக்குக் கீழே ரயில் ஓடத் தொடங்கிய நாளை எழுதலாம். இரண்டு தேசத்தையும் ஒரே ராச்சியமாகக் கட்டிய நாளைப் பற்றி மூச்சும் விடக்கூடாது. ஒருமுறை அந்த இணையப் பக்கத்தில் இருந்தபடியே 'லண்டன்டெரி' என்று எழுதிவிட்டேன். முதலாளி அம்மா வெளியே வந்து, உள்ளங்கையின் ஓரத்தால் 'லண்டன்' என்ற பாதியை அழித்து, 'டெரி'யை மட்டும் விட்டார். பிறகு கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஊரின் பெயரில் பாதியை யாராவது ஒட்டவைத்தால் வரும் எரிச்சல் எனக்கும் தெரிந்ததுதான். அதற்குப் பிறகு அந்தப் பிழையைச் செய்யவில்லை.

பெப்ரவரி நாலாம் திகதி வரும்போதெல்லாம் ஒரு சின்னக் கோபம் வரும். வெள்ளைக்காரன் எங்கள் தீவை விட்டுப் போன நாள் அது. அந்த இணையப் பக்கம் அதை ஒரு வருடமும் போட்டதில்லை. எங்களை விட்டுவிட்டுப் போனது அவர்களுக்கு ஒரு சம்பவமே இல்லை. வந்ததற்கு எத்தனை திகதி, போனதற்கு ஒன்றும் இல்லை. போகட்டும்.

முதலாளி அம்மா என்னை வேலைக்கு எடுத்த கதையைச் சொல்லவேண்டும். அதற்கு முன் நான் டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். பனியும் நீராவியும் மாறி மாறிப் பட்டு விரல்களெல்லாம் வெடித்திருந்தன. லுசேர்ணில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தேன். அவர் என் விரல்களைப் பார்த்தார், அனுமதி அட்டையைப் பார்த்தார், ஏன் ஊரை விட்டு வந்தீர் என்று கேட்டார். எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்லும் பதிலை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னேன். ஊரிலே பிரச்சினை என்றேன். 'ட்ரபிள்' என்ற சொல் வந்தது.

"என்ன ட்ரபிள்?"

"ட்ரபிள்தான். ட்ரபிள் நேரம் வெளிக்கிட்டனான்."

அவர் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏப்ரன் ஒன்றைக் கையில் தந்தார். நான் என் ஆங்கிலத்தை மெச்சிக்கொண்டேன். அவர் பிறந்த ஊரிலும் முப்பது வருட இரத்தக் களரிக்கு அதே சொல்லைத்தான் சொல்வார்கள் என்பதும், எங்கள் 'பிரச்சினை' அவரிடம் அச்சொட்டாக மொழிபெயர்ந்துவிட்டது என்பதும் எனக்குத் தெரிய வெகுகாலம் எடுத்தது.

அந்த முதல் மாரியில்தான் பார்த்தேன். ஜனவரி முப்பதாம் திகதி பலகை வெறுமையாக நின்றது. அந்த நாட்களில் என்ன எழுதுவது என்று அவரே ஒரு துண்டில் சொல்லித் தருவார். அன்று துண்டும் இல்லை, ஆளும் இல்லை. மூன்றாம் மாடியில், தன் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். பகல் சாப்பாட்டுக்கு ஆட்டிறைச்சி ஸ்டூ கொடுத்தனுப்பினேன். தட்டு தொடாமல் திரும்பி வந்தது.

முதலில் நான் நினைத்தது டெல்லியை. பிரார்த்தனைக்கு நடந்துபோன அந்த முதியவரைச் சுட்ட நாளும் ஜனவரி முப்பதுதானே, பள்ளிக்கூடத்தில் மௌனம் நின்றிருக்கிறோம். ஒரு அயர்லாந்துப் பெண் அவருக்காக விரதம் இருக்கிறாள் என்று எண்ணி மெய் சிலிர்த்தேன். மத்தியானத்துக்குள் சிலிர்ப்பு அடங்கிவிட்டது. இறைச்சி வேண்டாம், ஆட்களின் முகம் வேண்டாம், கடை வேலை வேண்டாம். இது வேறென்ன, திவசம்தான். தகப்பனின் திவசம் என்று நானே முடிவுகட்டினேன். அடுப்பில் ஒரு சின்னச் சட்டி வைத்து, லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு போட்டு, இறைச்சிச் சாறு ஒரு துளியும் படாமல் சூப் ஒன்று வைத்து மேலே அனுப்பினேன். கோப்பை வழித்துத் துடைத்தபடி வந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அதே சூப். எங்களுக்குக் கணக்குத் திகதி அல்ல, திதி. சந்திரனோடு சேர்ந்து முன்னும் பின்னும் நகரும். வெள்ளைக்காரரின் திவசம் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறதே, சமைப்பவனுக்கு வசதிதான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. நானும் அன்றைக்கு அடுப்படியில் நின்றபடி அதே சூப்பைத்தான் குடிப்பேன். திவசச் சமையல் செய்துவிட்டு மச்ச மாமிசம் சாப்பிட மனம் வராது. வாடிக்கையாளருக்காக இறைச்சியைக் கையால் தொட்டேன், வாயில் வைக்கவில்லை. பழக்க தோஷம், வேறொன்றுமில்லை.

பிறகு கைத்தொலைபேசி வந்தது, அந்த இணையப் பக்கம் வந்தது. ஒருநாள் ஜனவரி முப்பதைத் தட்டிப் பார்த்தேன். ஒரு ராஜாவின் தலையை வெட்டிய நாள். உலகப்போர்க் காலத்துப் பிரதமர் ஒருவரின் பிரேதம் லண்டன் ஆற்றில் படகில் போக, கரையில் நின்ற பாரந்தூக்கி இயந்திரங்கள் கழுத்தைத் தாழ்த்திய நாள். அதற்கும் கீழே, ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்திரண்டு, டெரி. ஊர்வலம் வந்த சனத்தைப் படையாட்கள் சுட்டார்கள் என்ற வரி. அந்த வரியை வாசிக்க எனக்கு அகராதி தேவைப்படவில்லை. அவர் டெரியில் பிறந்தவர், அப்போது இளம் பெண்ணாக இருந்திருப்பார். தொலைபேசியை மூடிவிட்டு லீக்ஸ் வெட்டினேன்.

இது ஒரு பக்கம். மறுபக்கம் என் அக்கா.

எங்கள் குசினியில் பகல் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவே ஒரு ஓய்வு உண்டு. சிம்மர்ஷ்டுண்ட என்பார்கள், அறைக்குப் போய் முதுகைச் சாய்க்கும் நேரம் என்று பெயர். எனக்கு வீட்டுக்குப் போய் வர நேரம் காணாது. நிலவறையில் பியர்ப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து முழங்காலை நீவுவேன். அப்போது ஊரில் பொழுதுபட்டிருக்கும். அக்கா தொலைபேசி எடுப்பா. இந்த இரண்டு வருடமாக ஒரே கதை.

"தம்பி, நாளைச் சொல்லு."

எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான். வீட்டில் சின்னவன் என்போம். கடைசிச் சண்டையில் சனத்தோடு சனமாக நடந்தவன். எங்கே விழுந்தான், விழுந்தானா, யார் கொண்டுபோனார்கள், ஒன்றும் தெரியாது. அக்கா அவனுடைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, காணாமல் போனவர்களைத் தேடும் மற்றச் சனத்தோடு வீதியோரக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்தா. அப்பாவும் அம்மாவும் வாசலைப் பார்த்தபடி போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது அக்காவுக்கும் கால் இயலாது. திவசத்தைச் செய்து முடிப்போம் என்கிறா.

"ஐயர் சொல்லுறார், நாள் தெரியாட்டி ஒரு அமாவாசையிலை செய்யலாமாம். எனக்கு அது சரிவராது. அது எல்லாரும் எல்லாருக்கும் செய்யிற நாள். இவனுக்கெண்டு ஒரு நாள் வேணும். எள்ளுந் தண்ணியும் இறைக்கிறவன் நீ. நீதான் சொல்லோணும்."

"நான் எப்பிடி அக்கா சொல்லுறது? நான் அங்கை இருக்கேல்லையே."

"நான் அங்கைதானே இருந்தனான். எனக்குத் தெரியுமோ?"

பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிடுவேன். உள்ளதைச் சொல்வதென்றால், எனக்குப் பயம். நாளைச் சொன்னால் அவனை நானே கொன்ற மாதிரி. சொல்லாவிட்டால் அக்கா அந்தப் படத்தை இறக்கி வைக்காமலே சாகப்போகிறா. முன்பின் தெரியாத ராஜாக்கள் செத்த திகதி எல்லாம் எனக்கு மனப்பாடம். என் கூடப் பிறந்தவனுக்கு ஒரு திகதி இல்லை. பியர்ப் பெட்டியில் உட்கார்ந்து இதை நினைத்தால் எழும்பி இரவுச் சமையலுக்குப் போக மனமே வராது. ஆனால் போவேன், போகாமல் எங்கே போவது.

முதலாளி அம்மாவுக்கு வயதாகிவிட்டது. செத்துப்போன அவரின் சுவிஸ்காரக் கணவருடைய அண்ணன் மகன் கடையைப் பொறுப்பெடுத்தான். நல்ல பெடியன், குற்றம் சொல்ல முடியாது. சைக்கிளில் வருவான், எல்லோருக்கும் கை கொடுப்பான். பலகையை ஒவ்வொரு காலையும் படம் பிடித்து இணையத்தில் போடுவதுதான் அவனுடைய முக்கியமான தொழில். பொறுப்பெடுத்த முதல் வருடம் அந்த முப்பதாம் திகதி அவன் பனிச்சறுக்குக்குப் போயிருந்தான், நான் தப்பினேன். இந்த வருடம் நின்றான்.

"போன வருசம் நான் இல்லாத நேரம், முப்பதாம் திகதி பலகை வெறுமையா நிண்டதாம். பலகை ஒருநாளும் சும்மா நிக்கக்கூடாது, விளங்குதோ? நான் பாத்திட்டன். நாளைக்கு ராஜாவின்ரை தலை வெட்டின நாள். 'இன்று ஒரு ராஜா தலையை இழந்தார், எங்கள் பியர் இழக்காது.' எப்பிடி?"

பியரின் நுரைக்கு ஆங்கிலத்தில் தலை என்று பெயர். அதில்தான் பகிடி. அவன் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். அது முதலாளி அம்மாவின் நாள் என்று சொல்லலாம்தான். ஆனால் அவர் தன் சொந்தக்காரனிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்றை அடுப்படிக்காரன் நான் எப்படிச் சொல்வது? ஓய்வூதியத்துக்கு எனக்கு இன்னும் சில வருடம் இருக்கிறது. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு வேறொரு குசினியில் போய் நின்றால் கதவைத்தான் காட்டுவார்கள். அதுவும் ஞாபகத்தில் இருந்தது.

மறுநாள் காலை ஒரே பனிப்புகார். கீழே ஆறு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பலகையை ஈரத்துணியால் துடைத்து, மேலே 'ஜனவரி 30' என்று எழுதினேன். ஊன்றுகோலோடு படியிறங்கி வரும் அம்மா முதலில் நிற்கும் இடம் அந்தப் பலகைதான். இப்போதெல்லாம் முப்பதாம் திகதியிலும் வீட்டுக்குள் அடைந்து கிடக்க அவருக்கு முடிவதில்லை, தனிமை பிடிப்பதில்லை என்று சொல்லியிருந்தார். இறங்கி வருவார். வாசிப்பார். தலை வெட்டின பகிடியை வாசிப்பார்.

சோக்கட்டியைப் பிடித்தபடி கனநேரம் நின்றேன். தெரு கூட்டுபவர் ஒருவர் என்னைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனார். வெறுமையாக விட்டால் வேலை போகும். எழுதினால் அந்த மனுசியின் முகத்தைப் பார்க்க முடியாது. கடைசியில் கை தானாக எழுதியது என்று பொய் சொல்லமாட்டேன். யோசித்துத்தான் எழுதினேன். 'இன்று இறைச்சி இல்லை. மரக்கறிச் சூப்.' ஆங்கிலத்தில், நாலு கோட்டுக் கொப்பி எழுத்தில். உள்ளே போய் ஸ்டூச் சட்டியைத் தூக்கிக் குளிர் அறையில் வைத்தேன். சரி, இனி நடப்பது நடக்கட்டும்.

பெடியன் சைக்கிளை விட்டு இறங்கினான். பலகையைப் பார்த்தான். தலைக்கவசத்தைக் கழற்றினான்.

"ஸூப்பர்!" என்றான். "இந்த ஜனவரி முழுக்க என்ரை சிநேகிதர் ஒருத்தரும் இறைச்சி தொடுறேல்லை. இப்ப அதுதான் எல்லா இடமும் ஓடுது. நீ இதெல்லாம் கவனிக்கிறாய் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சுது!"

மூன்று படம் எடுத்தான். ராஜாவின் தலையை அவன் அடியோடு மறந்துபோனான். வேலை தப்பிய சந்தோசம் இருந்ததுதான். ஆனால் பெரிய வீரம் செய்துவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றவனை முதுகில் தட்டிப் பாராட்டினால் எப்படி இருக்கும்? அவமானமாகவும் இருந்தது.

பதினொரு மணிபோல முதலாளி அம்மா வந்தார். பலகைக்கு முன் நின்றார். உள்ளேயிருந்து அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு வந்து குசினி வாசலோடு உள்ள மேசையில் உட்கார்ந்தார். சூப் கொண்டுபோய் வைத்தேன்.

"உம்மடை கோப்பையையும் கொண்டு வாரும்."

அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"கன காலமா கேக்க நினைச்சனான். முதல் வருசமே உமக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"தெரியாது. உங்கடை அப்பாவின்ரை திவசம் எண்டு நினைச்சன். செத்த நாள். எங்கடை ஆக்கள் அண்டைக்கு மீன் இறைச்சி தொடமாட்டினம்."

அவர் சிரித்தார். கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அப்பா செத்தது நல்ல கோடையிலை. மாட்டிறைச்சி எண்டால் அந்த மனுசனுக்கு உயிர்." பிறகு சிரிப்பு நின்றது. "அண்டைக்கு நான் அந்தச் சனத்துக்குள்ளை நிண்டனான். ஓடினனான். இண்டைக்கும் அந்தச் சத்தத்தோடை இறைச்சி இறங்காது."

நான் தலையை ஆட்டினேன்.

"உம்மடை நாள் எது? உமக்கும் ஒண்டு இருக்குமே. நான் ஒருக்காலும் கேக்கேல்லை. மன்னிச்சுக்கொள்ளும். அண்டைக்கும் பலகையை வெறுமையா விடுவம்."

சின்னவனைப் பற்றிச் சொன்னேன். வெள்ளைக்காரருக்கு அதுவரை நான் சொன்னதில்லை. அனுமதி அட்டைக்காக ஒரு அலுவலகத்தில் சொன்னதோடு சரி. நாள் இல்லை என்றேன். அக்கா கேட்கிறா, எனக்குச் சொல்ல முடியவில்லை என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அறுபது வயது ஆம்பிளை, சூப் கோப்பைக்கு முன்னால்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு வருசமும் இந்த நாளிலை அடுப்படியிலை நீர் என்ன சாப்பிட்டனீர்?"

"இதைத்தான்."

"ஒவ்வொரு வருசமுமோ?"

"ஓம்."

"அப்ப நீரும் விரதம் இருந்திருக்கிறீர்," என்றார். கரண்டியை எடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, உப்புக் காணாது என்றார். எழும்பிப்போய் உப்பு எடுத்து வந்தேன்.

அன்றைய சிம்மர்ஷ்டுண்டவில் அக்கா எடுக்கும்வரை காத்திருக்கவில்லை. நானே எடுத்தேன்.

"அக்கா, முப்பதாம் திகதி. ஜனவரி முப்பது."

அக்காவின் குரல், நான் இருபது வயதில் கேட்ட குரல், பாய்ந்து வந்தது.

"ஆர் சொன்னது? ஆரும் கண்டவையோ? அங்கை வந்த ஆக்களோ? தம்பி, ஆர் கண்டது?"

இதை நான் யோசித்திருக்கவேண்டும்.

"இல்லை அக்கா. ஒருத்தரும் காணேல்லை."

அங்கே அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்ப அண்டைக்கு என்ன?"

"அண்டைக்கு இஞ்சை மரக்கறி அக்கா. கன வருசமா. நான் இருந்துகொண்டுதான் வாறன். எனக்கே இண்டைக்குத்தான் தெரியும்."

"ஐயர் திதி கேப்பார்."

"திதி இல்லை எண்டு சொல்லுங்கோ. வெள்ளைக்காரற்றை திகதி."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அறவில்லை.

"முப்பது இண்டைக்கெல்லோ," என்றா. "நான் மீன் சமைச்சுப்போட்டன்."

"பரவாயில்லை அக்கா. அடுத்த வருசத்திலையிருந்து பாப்பம்."

"இல்லை. இன்னும் சாப்பிடேல்லை," என்றா. "நாய்க்குப் போடுறன்."